பழைய காரா? முதலில் தரைப் பாயைத் தூக்கிப் பாருங்கள்!

தோட்டத்து லயத்துக்குப் பின்னால், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில், கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பழைய கார் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ஒன்று நின்றாலும் ஆச்சரியமில்லை. பெரிய கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது விற்றுவிட்டுப் போனதாக இருக்கலாம். தாத்தா கூட்டுப் பணம் எடுத்து வாங்கியதாக இருக்கலாம். ஒரு காலத்தில் பிரசவ வலி கண்ட பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் அதில்தான், கல்யாண மாப்பிள்ளை வந்து இறங்கியதும் அதில்தான். இப்போது அதன் கூரையில் இலை மக்கிக் கிடக்கிறது.

"அப்பா, இந்தக் காடியைச் சரி பண்ணி ஓட்டினா எப்படி இருக்கும்!" என்று வீட்டில் ஒருவன் என்றைக்காவது கேட்பான். கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளைப் பிள்ளைகள் இதைவிட மோசமாகக் கழிக்க எத்தனையோ வழிகள் இருக்கின்றன! ஆனால் அந்த ஆசைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையில் பெரும்பகுதி சாமான் வாங்கப் போவதில்லை என்பதுதான் வேடிக்கை. முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியிலும், கடைசியில் செய்ய வேண்டியதை முதலிலும் செய்து, செய்ததையே மறுபடி பிரித்துச் செய்வதில்தான் பணம் கரைகிறது.

பேச்சுக்கு ஒரு காரை எடுத்துக் கொள்வோம்: மோரிஸ் மைனர். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மலாயாச் சாலைகளில் அது ஓடாத ஊரில்லை. 1948-ல் இங்கிலாந்தில் வெளிவந்து, எழுபதுகளின் தொடக்கம் வரை பதினாறு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார் அது. அதை வரைந்தவர் அலெக் இஸிகோனிஸ். பின்னாளில், 1959-ல் வெளிவந்த மினி காரை வரைந்தவரும் அவரே. மைனரின் மாதிரிக் காரைச் செய்து முடித்த பிறகு, அகலம் போதவில்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. காரை நடுவில் நீளவாக்கில் அறுத்து, இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தினார்! அதற்குள் பம்பர்கள் பழைய அளவில் தயாராகி விட்டனவாம். அவற்றையும் வெட்டி நடுவில் ஒரு துண்டு சேர்த்தார்கள். ஆரம்பகால மைனர்களின் பம்பர் நடுவில் அந்த ஒட்டைப் பார்க்கலாம். முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டையும் அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம்தான்.

கம்பெனிக்காரனுக்கே அந்தக் கதி என்றால், லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு வேலை செய்கிற நமக்குச் சொல்லவா வேண்டும்?

சாயம் கடைசியில்

பழைய கார் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் செய்கிற முதல் காரியம் சாயத்தைப் பற்றிப் பேசுவது. சிவப்பா, பச்சையா, தாத்தா காலத்துச் சாம்பலா? சக்கரத்துக்கு வெள்ளிப்பூச்சு உண்டா? அண்டை வீட்டாரும் வந்து அபிப்பிராயம் சொல்வார்கள். ஆட்டம் இங்கேயே தோற்றுவிடுகிறது.

சாயத்தை மறந்துவிட்டுக் கதவைத் திறந்து, தரையில் கிடக்கிற ரப்பர் பாயைத் தூக்குங்கள். நம் நாட்டு மழையும் புழுக்கமும் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவு ரப்பர் வெடித்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். பாய்க்கு அடியில் தங்கும். அந்த ஈரம் காய வழியில்லை. மேலே பளபளவென்றிருக்கிற காரின் தரை, காலால் மிதித்தால் பொரிந்து கொட்டுகிற வறுத்த அப்பளமாக இருக்கும். ஒரு திருப்புளியை எடுத்து அடித்தகட்டை அங்கங்கே அழுத்திக் குத்திப் பாருங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று ஓசை தரும். கெட்ட இடத்தில் திருப்புளி உள்ளே போய்விடும். விற்க வந்தவர் "தம்பி, அங்கெல்லாம் குத்தாதே" என்று பதறினால், குத்த வேண்டிய இடம் அதுதான் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

மைனரில் இது ஏன் இத்தனை முக்கியம்? லாரிக்கு இருப்பதுபோல் அதற்குத் தனியாக ஒரு சட்டம் கிடையாது. தரை, கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை பெட்டிபோல் ஓடும் தகடு, குறுக்கே போகும் பட்டை, இவை எல்லாம் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. கதவுக்குக் கீழே ஓடும் அந்தத் தகட்டைப் பட்டறைக்காரர்கள் 'சில்' என்பார்கள். அது உளுத்துப் போனால் வீட்டுக்குத் தூண் உளுத்த மாதிரி. பின்பக்கத்து வில் பொருந்தும் இடம், ஜாக்கி வைக்கும் இடம், முன்பக்கத்து அடிச்சட்டம் ஆகியவற்றையும் குத்திப் பார்க்காமல் காசை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

தரை ஓட்டையாக இருக்கிறது. சரி, அடுத்த தவறு என்ன? கூரைக்குப் போட்டு மிஞ்சிய தகரத்தை வெட்டி, ஆணியடித்து, தாரைப் பூசி மூடுவது. கூரைத் தகரம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. மழையை அது தாங்கும், மனிதனைத் தாங்காது. அதைப் பற்றவைக்கப் போனாலோ துத்தநாகப் பூச்சு எரிந்து வெள்ளைப் புகை கிளம்பும். அதை மூக்கில் இழுத்தவருக்கு அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும். தாரைப் பூசினால் துரு நின்றுவிடும் என்பதும் வீண் நம்பிக்கை. தாருக்குள் ஈரத்தோடு அடைபட்ட துரு மேலும் சுகமாக வளரும்.

ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஆசிட் தோட்டத்தில் கைக்கு எட்டும் பொருள். அதைக்கொண்டு துருவைக் கழுவலாம் என்று சிலருக்கு யோசனை வரும். துரு கரைவது உண்மைதான். ஆனால் தகட்டின் மேல் தகடு படிந்திருக்கிற இடுக்குகளுக்குள் போன ஆசிட்டைக் கழுவி எடுக்கவே முடியாது. அது உள்ளே இருந்து அரித்துக்கொண்டே இருக்கும். புதுச் சாயம் அடித்த சில மாதங்களில் கொப்புளமாக வெளியே வந்து நிற்கும். கண்ணுக்கும் நெஞ்சுக்கும் அந்த ஆவி ஆகாது என்பது வெட்டுக்காட்டிலும் ஸ்டோரிலும் வேலை செய்தவர்களுக்கே தெரியும்.

கதவு மூடாத கார்

இனிச் சொல்லப் போவது மிகவும் விலை உயர்ந்த தவறு. கவனமாகப் படியுங்கள்.

'சில்' தகடு இரண்டு பக்கமும் கெட்டிருக்கிறது. புதுத் தகடும் வாங்கியாயிற்று. (மைனருக்கு இந்தத் தகடுகள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. தொண்ணூறுகளில் இலங்கையில் செய்த தகடுகள் இங்கிலாந்துக்கே போயின!) காரைத் தூக்கி, முன்னே இரண்டு முட்டு, பின்னே இரண்டு முட்டு வைக்கிறார்கள். கதவுகளைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைக்கிறார்கள். கெட்ட தகட்டை இரண்டு பக்கமும் ஒரே நாளில் வெட்டி எறிகிறார்கள். அந்த நேரத்தில் காரை நடுவில் பிடித்துக் கொண்டிருப்பது எது? எதுவுமில்லை! வண்டி நடுவில் மெல்லத் தொய்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு, ஒரு விரல் கனம். அந்தத் தொய்வோடேயே புதுத் தகட்டைப் பற்றவைக்கிறார்கள். வேலை சுத்தமாக முடிகிறது. பிறகு கதவை மாட்டினால், மூடவில்லை. மேலே இடிக்கிறது, கீழே இடைவெளி. கீலைத் தட்டுகிறார்கள், கதவு ஓரத்தை அராவுகிறார்கள். ஒன்றும் ஆவதில்லை. வளைந்திருப்பது கார்.

அதைச் சரிசெய்ய ஒரே வழி, பற்றவைத்ததை மறுபடி அறுப்பது. தகடு, கூலி, மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள், எல்லாம் போயிற்று.

இதைத் தவிர்க்கப் பெரிய வித்தை வேண்டியதில்லை. கதவுகளை மாட்டியபடியே வைத்துக் கொண்டு, ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். வெட்டுமுன் கதவு இருக்கும் வெளியின் குறுக்கே ஓர் இரும்புக் கம்பியைத் தற்காலிகமாகப் பற்றவையுங்கள். சிறிது வெட்டி, சிறிது பற்றவைத்து, ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்திப் பாருங்கள். கதவுதான் இங்கே அளவுகோல்.

வெட்டுகிற ஆர்வத்தில் இன்னொன்றையும் வெட்டிவிடுகிறவர்கள் உண்டு: சேசிஸ் நம்பர். கிராண்டில் எழுதியிருக்கிற எண்ணும் காரில் இருக்கிற எண்ணும் ஒத்துப் போகாவிட்டால் அந்தக் கார் சாலைக்கு வராது. எண்ணை நீங்களாக மாற்றி அடிப்பதோ குற்றம். ஆகவே எண் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே தேடிக் கண்டுபிடித்து, படம் எடுத்து வைத்துக் கொண்டு, அந்த இடத்துக்குச் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். எஞ்சின் மாற்ற நினைத்தாலும் நிறம் மாற்ற நினைத்தாலும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் முன்கூட்டிக் கேட்டுவிட்டே இறங்க வேண்டும். கார் இறந்துபோன பெரியவர் பெயரிலேயே இருக்கிறதா? அப்படியானால் வாரிசுத் தாள் வேலையை முதலில் முடியுங்கள். உடன்பிறப்புகள் ஐந்து பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் மட்டும் பணத்தைப் போட்டுக் காரைப் பளபளப்பாக்கிய பிறகு, "அது அப்பா காடி, எனக்கும் பங்கு இருக்கு" என்ற பேச்சு கிளம்பினால் துருவைவிட அது மோசம்.

உயிருக்கு உலை வைப்பவை

பணம் போனால் சம்பாதித்துக் கொள்ளலாம். சில தவறுகளுக்கு அந்த வழியும் கிடையாது.

ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்குக் கீழே போகாதீர்கள். சிமெண்டுக் கல்லை முட்டுக் கொடுப்பதும் ஆபத்து. ஓட்டை உள்ள கல் எச்சரிக்கை எதுவும் தராமல் ஒரே நொடியில் நொறுங்கும். இரும்பு முட்டு வாங்க முடியாவிட்டால் கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். சக்கரங்களைக் கழற்றியிருந்தால் அவற்றையும் காருக்கு அடியில் தள்ளி வையுங்கள்.

பெட்ரோல் டாங்கியை இறக்காமல் பின்பக்கத்தில் நெருப்பைக் கொண்டு போகாதீர்கள். "டாங்கி காலி, பல வருஷமாகக் காய்ந்து கிடக்கிறது" என்பார்கள். காலி டாங்கிதான் மிகவும் பயங்கரமானது! உள்ளே தங்கிய ஆவியும் காற்றும் கலந்தால் அது வெடிகுண்டு. ஓட்டை டாங்கியை வீட்டில் பற்றவைக்கவே வேண்டாம். அந்த வேலைக்கென்று இருக்கும் கடையில் கொடுங்கள்.

பிரேக்கைத் திறக்கும்போது உள்ளே இருக்கிற தூசியை வாயால் ஊதாதீர்கள். அக்காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். குழந்தைகள் பக்கத்தில் நிற்கக்கூடாது.

பிரேக்கில் இன்னொரு கூத்து நடக்கும். திரவம் குறைந்திருக்கிறது, கடை மூடிவிட்டது, கையில் எஞ்சின் எண்ணெய் இருக்கிறது, அதில் கொஞ்சம் ஊற்றுவோம் என்று ஊற்றிவிடுவார்கள். பால்மரத்தோடு வாழ்ந்த உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இயற்கை ரப்பருக்கும் பெட்ரோலிய எண்ணெய்க்கும் தீராப் பகை. பிரேக்கில் இருக்கும் ரப்பர் வளையங்கள் அத்தனையும் உப்பிப் பிசுபிசுத்துப் போகும். ஒரு கரண்டி எண்ணெய்க்காக நான்கு சக்கரத்தின் ரப்பரையும், மாஸ்டர் சிலிண்டர் ரப்பரையும் மாற்ற வேண்டி வரும். மைனரில் அந்த மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. கைக்கு எளிதில் எட்டாத இடம் என்பதாலேயே பலர் அதைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். முதலில் பிரிக்க வேண்டியதே அதுதான்.

சாமான் வாங்கும்போதும் கவனம் வேண்டும். மைனருக்குக் காலத்துக்கு ஒன்றாக நான்கு எஞ்சின்கள் வந்தன: 918, 803, 948, கடைசியாக 1098 சி.சி. 1962-ல் 1098 வந்தபோது முன்பக்கத்து பிரேக் டிரம் ஏழு அங்குலத்திலிருந்து எட்டு அங்குலமாயிற்று. "மைனருக்கு பிரேக் ஷூ கொடுங்கள்" என்று மட்டும் கேட்டு வாங்கினால் பாதிப் பேருக்குப் பொருந்தாது. பொத்தோங் கடையில் பிரித்த காரிலிருந்து வாங்குவதானால் பழையதைக் கையில் எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்து அளந்து வாங்குங்கள்.

மைனரின் முன்சக்கரத்தை மரையிட்ட ஓர் இணைப்பு தாங்குகிறது. டிரனியன் என்று பெயர். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அதற்கு கிரீஸ் அடித்தால் நீண்ட காலம் உழைக்கும். அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் திருப்பத்தில் சக்கரம் படுத்துக்கொள்ளும். கார் மூக்கைத் தரையில் தேய்த்து நிற்கும். வாங்கின உடனே இதைப் பார்க்காமல், ரேடியோ மாட்டக் கிளம்புகிறவர்களை என்ன சொல்வது!

ரேடியோ என்றதும் நினைவுக்கு வருகிறது. இன்றைய கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனை காரின் உடம்போடு இணைந்திருக்கும். மைனரில் அதற்கு நேர் எதிர். பாசிட்டிவ் முனைதான் உடம்புக்குப் போகும். இது தெரியாமல் இன்றைய ரேடியோவை மாட்டினால் முதல் பாட்டு முடியுமுன் புகை வரும். பேட்டரியை மாற்றி இணைத்தாலும் தொல்லைதான்.

மைலோ டின்னும் நோட்டுப் புத்தகமும்

ஒரே வாரத்தில் கார் முழுவதையும் பிரித்துப் போடுவது இளம்பிள்ளைகளுக்குப் பெரிய குஷி. பிரிப்பது சுலபம். ஆறு மாதம் கழித்து, ஒரே வாளியில் கிடக்கும் முந்நூறு திருகாணிகளைப் பார்க்கும்போது குஷி போய்விடும். எத்தனையோ கார்கள் துருவால் சாகவில்லை. பிரித்துப் போட்டதைச் சேர்க்கத் தெரியாமல் செத்தன. ஓடாத காருக்கும் ஒரு விலை உண்டு, பிரித்துக் கிடக்கும் காருக்கோ இரும்புக் கடை விலைதான்.

ஆகவே ஒரு பகுதியைப் பிரியுங்கள், முடியுங்கள், மாட்டுங்கள். பிறகு அடுத்தது. மைலோ டின்களைச் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றிலும் 'இடது கதவு', 'கார்புரேட்டர்' என்று எழுதி ஒட்டுங்கள். கழற்றுமுன் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அந்தக் காலத்துப் போமன்களுக்குக் கிடைக்காத வசதி இது. இங்கிலாந்துக் காருக்கு அங்குல ஸ்பேனர் வேண்டும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். "13 போட்டால் போதும்" என்று போட்டால் நழுவி, ஆணித் தலை உருண்டையாகிவிடும். பிறகு துளை போட்டு எடுக்கும் கூலி ஸ்பேனர் விலையைத் தாண்டும்.

இறுகிப்போன எஞ்சினைக் கயிறு கட்டி இழுத்து ஓட்டப் பார்க்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, பல நாள் ஊற விட்டு, கையால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். அவசரத்துக்கு உடைவது பிஸ்டன் வளையம்.

தாய்மார்களே, உங்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, காருக்குப் போகிற ஒவ்வொரு வெள்ளியையும் நீங்களே எழுதி வையுங்கள். ஆண்கள் எழுதினால் கிரீஸ் டப்பா, உப்புத்தாள், பஸ் செலவு எல்லாம் விட்டுப்போகும்! காரை வாங்குமுன்பே ஒரு தொகையை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். "இவ்வளவு போட்டாச்சே, இன்னும் கொஞ்சம் போட்டால் முடிந்துவிடும்" என்ற பேச்சு வரும் நாளில் அந்தப் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள். 3,000 வெள்ளிக்கு வாங்கிய காரில் 12,000 வெள்ளி போட்டு, 8,000-க்குக் கேட்கும் ஆளும் இல்லாமல் நின்றால், அந்தப் பணம் பிள்ளையின் படிப்புக்கோ வீட்டு முன்பணத்துக்கோ போயிருக்க வேண்டியது. பாட்டனாரின் கார், வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசைக்காகச் செய்வது வேறு. அதை வியாபாரம் என்று சொல்லிக்கொண்டு செய்யக்கூடாது.

தரை, பிரேக், சக்கரம், மின்கம்பி, எஞ்சின் எல்லாம் முடிந்துவிட்டனவா? இப்போது சாயத்தைப் பற்றிப் பேசலாம்.

மழை விட்ட சாயங்காலத்தில் சாயம் அடிக்காதீர்கள். தின்னர் சட்டென்று ஆவியாகும்போது தகடு குளிரும். காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, சாயம் பால் ஊற்றியது மாதிரி வெளுத்துப் போகும். மழை இல்லாத நாளில், வெயில் ஏறிய பிறகு அடிப்பதே நல்லது. பள்ளத்தை நிரப்பும் பட்டியை மெல்லியதாகப் பூசுங்கள். அது ஈரத்தைக் குடிக்கும், ஆகவே இரவில் வெளியே நனைய விடாதீர்கள். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இரண்டு டின் சாயத்தை மட்டும் வீட்டில் தொடவே வேண்டாம். அதிலிருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமாவைக் கொண்டு வரும். மூக்கில் துணி கட்டிக்கொள்வதால் பயனில்லை. லய வீட்டில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டுக் குழந்தை தூங்கும். அந்தச் சாயம்தான் வேண்டுமென்றால் சாயப் பட்டறையில் கொடுத்து அடியுங்கள். பணம் செலவழிய வேண்டிய இடம் அது.

பரிசோதனையெல்லாம் முடிந்து, முதல் நாள் காரை வெளியே எடுக்கும்போது கோயிலுக்கு வெகுதூரம் போக நினைக்காதீர்கள். பக்கத்திலேயே ஒரு சிறு சுற்றுப் போய் வாருங்கள். திரும்பி வந்ததும் இறங்கி, நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். மூன்று இளஞ்சூடாக இருந்து, ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக் கொண்டிருக்கிறது. காரை நிழலில் விட்டு, ஆறிய பிறகு அதை மட்டும் கழற்றுங்கள்.